மரப்பெட்டியின் தோற்றமும் அதன் ஆயுளும்

சென்ற சில ஆண்டுகளாக நமது கடைவீதிகளில், அறுபது வயதைக் கடந்தவர்களைக் கண்ட மாத்திரத்தில் நிறுத்திவிடுகிற பொருள் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. தேக்கு நிறத்தில் மூலை மழுங்கிய ஒரு பெட்டி, அதன் முகப்பை மூடிய நெசவுத் துணி, பித்தளை நிறத்தில் இரண்டு குமிழ்கள், அவற்றின் நடுவே மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் எண்கள் தெரியும் டயல் என்று, வெளிப்பார்வைக்கு அது முழுக்க முழுக்க 1950-களின் வால்வு ரேடியோவேதான். உள்ளே இருப்பவையோ வைஃபை, ப்ளூடூத், லித்தியம் பேட்டரி, வாயால் சொன்னால் பாட்டுப் போடும் யந்திரப் புத்தி ஆகியவை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு வாங்கி அனுப்புகிற பரிசுகளில் இதற்கு ஒரு கௌரவமான ஸ்தானம் ஏற்பட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அப்படி வந்து சேர்ந்த பெட்டி ஒன்றை நண்பர் ஒருவருடைய கூடத்தில் உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் பல வகைச் சங்கீதத்தைப் போட்டு நிதானமாகக் கேட்டுப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயங்களையே இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தோற்றத்துக்கு இவ்வளவு வசீகரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது முதல், 1957-ல் விவித் பாரதி பிறந்து, அதன் பிறகு டிரான்சிஸ்டர் ரேடியோ ஒவ்வொரு தோளிலும் தொங்குகிற காலம் வருகிற வரையில், நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் கடிகாரத்துக்கும் சுவாமி படத்துக்கும் அடுத்தபடியாக மரியாதை பெற்றிருந்தது ரேடியோப் பெட்டிதான். வருஷந்தோறும் தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பித்து, துணியுறை தைத்துப் போர்த்தி, குழந்தைகள் கை வைக்காத உயரத்தில் வைத்துக் காப்பாற்றிய பொருள் அது. ஒரு தகப்பனார் வாங்கினால் அவருடைய பேரன் காலம் வரையில் அது பேசும் என்ற நம்பிக்கை அந்த மரத்திலும் அந்தக் குமிழிலும் ஊறியிருந்தது. இன்றைய பெட்டியைச் செய்தவர்கள் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டபோது, உருவத்தோடு அந்த நம்பிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். வாங்குகிறவர் விலை கொடுப்பதும் பாதிக்கு மேல் அந்த நம்பிக்கைக்குத்தான். ஆகவே, இது எப்படி ஒலிக்கிறது என்று கேட்பதோடு, எத்தனை காலம் ஒலிக்கும் என்றும் கேட்டாக வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சொல்லுகிறேன். பெட்டியின் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து யாரும் மயங்க வேண்டியதில்லை. இருபது வாட்டை நாற்பது ஆக்கினால் ஒலி மூன்று டெசிபெல்தான் உயரும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சக்தியை ஏறக்குறையப் பத்து மடங்காக்க வேண்டும். கூடத்திலே உட்கார்ந்து கேட்பதற்கு இருபது வாட்டே தாராளம். மரம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைமேல் ஒட்டிய மெல்லிய மேற்பூச்சுதான் என்றாலும், அதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். அந்தப் பலகை கனமானது, தானாக அதிராதது, ஒலிபெருக்கியை அடைத்து வைப்பதற்கு உகந்தது.

தம்பூரைக் கேட்கும்போதுதான் இந்தப் பெட்டியின் உண்மையான தராதரம் தெரியவருகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் வித்வானுக்கு மத்திய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்பூரின் மந்தர ஷட்ஜத் தந்தி அதில் பாதி, அதாவது 65 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய கூம்பினால் 65 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் மந்தரத் தந்தி நமக்குக் கேட்கத்தான் செய்கிறது. அது எப்படியென்றால், 131, 196, 262 என்று அதன் மேலே வரிசையாகப் பிறக்கிற உபசுரங்களைக் கேட்ட மாத்திரத்தில், இல்லாத அடிச்சுரத்தை நம்முடைய செவியும் மூளையும் சேர்ந்து தாமாகவே கற்பித்துக்கொள்கின்றன. இது இயற்கை நமக்கு அருளிய ஓர் அற்புதமான சக்தி. சிறிய ஒலிபெருக்கிகள் யாவும் அந்தச் சக்தியை நம்பித்தான் பிழைக்கின்றன. அந்த உபசுரங்கள் தெளிவாக வந்தால் சுருதி நிறைந்து நிற்கும். நான் கேட்ட பெட்டியில், ஒலியை மிதமாக வைத்திருந்த வரையில், தம்பூர் சுகமாகவே நின்றது என்பதைச் சந்தோஷத்தோடு சொல்லுகிறேன்.

மிருதங்கத்தில் விஷயம் வேறு. வலந்தலையின் சாப்பு துல்லியமாக வந்து விழுகிறது. ஆனால் குமிழைத் திருகி ஒலியை ஏற்ற ஏற்ற, பாடகரின் குரல் உயர்கிறதே தவிர, தொப்பியின் கும்கி உயரக் காணோம். சிறிய கூம்பு கிழிந்துபோகாமல் இருப்பதற்காக, உள்ளிருக்கும் கணிப்பொறிச் சில்லு கீழ்நாதத்தை மட்டும் தானாகவே குறைத்துவிடுவதே இதற்குக் காரணம். வால்வு ரேடியோவில் எட்டு அங்குலக் கூம்பும், முதுகு திறந்த பெரிய மரக்கூடும் இருந்தன. அந்தக் காலத்து மத்திய அலையில் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதும் பெரிதாக வராவிட்டாலும், மிருதங்கத்தின் இடப்பக்கம் அதில் கம்பீரமாக ஒலித்ததற்கு அந்தக் கூம்பின் விஸ்தாரமே காரணம். தனி ஆவர்த்தனத்தை மிருதங்க வித்வானுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டு ருசி கண்டவர்களுக்கு இந்தப் பெட்டி திருப்தி தராது.

பழைய திரைப்படப் பாடல்கள் விஷயத்தில் இது வஞ்சனை செய்வதில்லை. 1950-களிலும் 60-களிலும் பதிவான நம் பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. அவற்றை ஒரே பெட்டியிலிருந்து கேட்பதனால் எந்த நஷ்டமும் இல்லை. பின்னாளில் இரட்டைத் தடத்தில் பதிவானவற்றைத்தான், ஓரடி அகலப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூம்புகள் இடம் வலம் என்று பிரித்துக் காட்ட முடியாமல் திணறுகின்றன. ப்ளூடூத்தைவிட வைஃபை வழியாகக் கேட்பதே மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: குறுந்தகட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் இருக்கிற சங்கீதத்தை, ப்ளூடூத்தின் சாதாரண முறை ஏறக்குறைய 328 கிலோபிட்டுக்குள் அடக்கியே அனுப்புகிறது, போதாக்குறைக்குப் பாட்டின் நடுவில் தொலைபேசி மணியும் வந்து குறுக்கிடும்.

முதியவர்களுக்காக வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வயதாக ஆக முதலில் மங்குவது மேல்நாதங்களைக் கேட்கும் திறன்; பேச்சிலே சகரம், தகரம் போன்ற மெய்யெழுத்துக்களின் தெளிவு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நாதங்களில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கீழ்நாதத்தைத் தூக்கிவைத்து அனுப்பப்படும் இந்தப் பெட்டிகளில், பாட்டு கனமாகக் கேட்பதனால் கடையில் மனம் பறிபோகிறது. வீட்டுக்கு வந்து செய்தியோ உபந்நியாசமோ கேட்க உட்கார்ந்தால், சொற்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. கீழ்நாதத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். குமிழைப் பற்றியும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய குமிழ் ஓர் எல்லையில் தொடங்கி மற்றோர் எல்லையில் நிற்கும். இருட்டிலே தொட்டாலும் ஒலி எவ்வளவில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். இந்தக் குமிழோ முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டயலில் எண்கள் தெரிகின்றன. ஆனால் பல மாதிரிகள் மத்திய அலையையே வாங்குவதில்லை, சிலவற்றில் பண்பலைகூட இல்லை.

இப்பொழுது என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

1940-களில் செய்த ஒரு வால்வு ரேடியோவை, காய்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றிச் செப்பனிட்டு வைத்திருந்தால், அது இன்றைய மத்திய அலை ஒலிபரப்பையும் வாங்கிப் பேசும். அலையின் வீச்சை ஏற்றி இறக்கிச் செய்தி அனுப்புகிற அந்த முறை இத்தனை காலமாக மாறவில்லை. நிலையத்துக்கும் பெட்டிக்கும் இடையே வேறு யாருடைய அநுமதியும் தேவைப்படவில்லை. பின் அட்டையின் நான்கு திருகுகளைக் கழற்றினால், எந்த வால்வு எந்தக் குழியில் இருக்க வேண்டும் என்பது பலவற்றில் அந்த அட்டையின் உட்புறத்திலேயே அச்சிட்டிருக்கும். சென்னையில் ரிச்சி தெருவிலும், மதுரையிலும் திருச்சியிலும் சிறு சந்துகளிலும், ஒரு காய்ச்சுக்கோலையும் ஈயத்தையும் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தே குடும்பத்தைக் காப்பாற்றிய மெக்கானிக்குகள் ஒரு தலைமுறை இருந்தார்கள்.

புதிய பெட்டியைத் திறப்பதற்குத் திருகே கண்ணுக்குப் படுவதில்லை, பசையினால் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரியோ, சாதாரணமாக 300 முதல் 500 முறை முழுவதும் தீர்ந்து நிரம்பினால், தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிற ஜாதி. தினந்தோறும் ஒருமுறை அதைத் தீர்த்து நிரப்புகிற வீட்டில், ஒன்றரை வருஷத்துக்குள் அந்தக் கட்டம் வந்துவிடும். மாற்று பேட்டரி கிடைக்குமா என்று கேட்டால், கடைக்காரர் புதிய மாதிரியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.

பேட்டரியாவது நம் வீட்டுக்குள் இருக்கிறது. இந்தப் பெட்டியின் புத்தியோ நம் வீட்டுக்குள் இல்லை. கூப்பிடு சொல்லைத் தெரிந்துகொள்கிற அளவுக்கு மட்டுமே அதற்குச் சொந்த அறிவு. அதற்குப் பிறகு நாம் சொல்லுகிற சொல்லெல்லாம் இணையத்தின் வழியாக எங்கோ தூரதேசத்திலுள்ள கணிப்பொறிகளுக்குப் போய், அங்கே பொருள் காணப்பட்டு, விடையாகத் திரும்பி வருகிறது. அந்தக் கணிப்பொறிகளை நடத்துகிறவர்கள், இந்த மாதிரி பழசாகிவிட்டது, இதற்கு இனிமேல் சேவை இல்லை என்று ஒருநாள் தீர்மானித்தால், மரமும் துணியும் பித்தளையும் அப்படியே பளபளத்துக்கொண்டிருக்க, பெட்டி ஊமையாகிவிடும். வெளிநாடுகளில், நல்ல நிலையிலிருந்த ஒலிக்கருவிகள் இவ்வாறு புதுப்பித்தல் நின்று பயனற்றுப்போனதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். வைஃபை ரௌட்டரை மாற்றிவிட்டாலே போதும். புதிய கடவுச்சொல்லைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கக் கைபேசியில் ஒரு செயலி வேண்டும், அதில் ஒரு கணக்கு வேண்டும், அந்தக் கணக்கின் ரகசியச் சொல் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மகனிடம் இருக்கும். சில பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மாத்திரமே அறியும் என்பதை அந்த மகனே அறிந்திருக்க மாட்டான். காலையில் நாகஸ்வரம் கேட்கலாம் என்று எழுந்து வருகிற எழுபத்தைந்து வயதுத் தாயார், அழகான அந்தப் பெட்டியின் முன்னால் ஒன்றும் செய்யத் தெரியாமல் நிற்க நேர்வதை எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பழைய ரேடியோவின் உருவம் அந்த அம்மாளுக்கு ஒரு வாக்குறுதியைக் கொடுத்தது: குமிழைத் திருகினால் பேசுவேன் என்று. அந்த வாக்குறுதியை இந்தப் பெட்டியால் தன் சொந்தப் பலத்தில் நிறைவேற்ற முடியவில்லை.

வாலிபர்களுடைய கட்சியும் எனக்குத் தெரியும். கோடிக்கணக்கான பாட்டுக்கள் நினைத்த மாத்திரத்தில் கிடைப்பது சாமான்யமான சௌகரியம் அல்ல என்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சௌகரியத்தை எந்தக் கைபேசியும் தரும். இந்தப் பெட்டி அதிக விலை கேட்பது தன் தோற்றத்துக்காக. அந்தத் தோற்றம் குறிக்கிற குணத்தை அது உடையதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். 2022-ல் மத்திய அரசாங்கம், வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. வீட்டுச் சாமான்களும் அதன் கவனத்துக்கு உட்பட்டன என்பது நல்ல அறிகுறி. ஒலிக்கருவிகள் எத்தனை வருஷம் சேவை பெறும், பேட்டரி மாற்றத்தக்கதா இல்லையா என்ற இரண்டு விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

அதுவரையில் வாங்குகிறவர்கள்தாம் விழிப்பாக இருக்க வேண்டும். கம்பி செருகுவதற்குச் சாதாரணத் துளை ஒன்று பெட்டியின் முதுகில் இருக்கட்டும். அது இருந்தால், புத்தி போன பிறகும் ஒலிபெருக்கியாக அது பிழைத்திருக்கும். பண்பலை வாங்கும் சக்தியும், பென்டிரைவ் செருகும் வசதியும், மின்கம்பியில் நேராக ஓடும் வழியும் இருக்கட்டும். மைக்ரோபோனை நிறுத்த விசை ஒன்றும் வெளியே தெரியும்படி இருக்கட்டும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், கடையின் வைஃபையை நிறுத்தி, உங்கள் கைபேசியையும் அணைத்துவிட்டு, இந்தப் பெட்டியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள் என்று கடைக்காரரைத் தயவாகக் கேளுங்கள். அது பாடினால், தைரியமாக வாங்கி உங்கள் பெற்றோருக்கு அனுப்புங்கள்.