தங்க நிறம் வினைலில் ஏன் மின்னுவதில்லை?

கோரல் டிராவில் கடையின் பெயரைத் தங்க நிறத்தில் டிசைன் செய்கிறீர்கள். மானிட்டரில் ஜொலிக்கிறது. வினைலில் பிரிண்ட் எடுத்துப் போர்டில் ஒட்டினால் மஞ்சளும் பழுப்புமாக மங்கித் தெரிகிறது. நண்பரின் கடைக்கு நான் போட்டுக் கொடுத்த டிசைனுக்கும் இதே கதிதான். பிரிண்ட் போட்டவர் மேல் தவறில்லை.

சாதாரண வினைல் பிரிண்டரில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு இங்க்குகளே அடிப்படை. பளபளப்பு என்பது இவற்றைக் கலந்து கிடைக்கும் நிறமல்ல. நாம் நகர நகர ஒளி மாறித் தெறிப்பது. திரையில் பார்த்தது கிரேடியன்ட் காட்டிய வித்தை.

நிஜமாக மின்ன உலோகம் வேண்டும். ரோலண்ட் 2010-இல் வெளியிட்ட வெர்சாகேம் விஎஸ்-640 பிரிண்டரில் மெட்டாலிக் சில்வர் இங்க் போடலாம். இத்தகைய இங்க்கில் மின்னுவது நுண்ணிய உலோகத் துகள்கள். சில்வருடன் மஞ்சளும் கொஞ்சம் மெஜந்தாவும் சேர்ந்தால் தங்கம்! துகள்கள் அடியில் படிந்துவிடும் என்பதால் இங்க்கை அவ்வப்போது குலுக்க வேண்டும்.

ஃபைலில் சில்வர் வரும் இடத்தை ஸ்பாட் கலராகக் குறிக்க வேண்டும். அதன் பெயர், பிரிண்டருக்கு ஃபைலை அனுப்பும் ரிப் சாஃப்ட்வேரில் உள்ள பெயரோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் வெறும் சாம்பல் நிறமே அச்சாகும்.

வெறும் எழுத்துகள்தானா? இவ்வளவு செலவே வேண்டாம். தங்க நிற வினைலையே கட்டிங் பிளாட்டரில் வெட்டி ஒட்டிவிடலாம். படமும் உண்டென்றால் சில்வர் வினைல் மேல் பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள். இங்க் வழியே அடியிலுள்ள சில்வர் மின்னும். ஆனால் வெள்ளை வரவேண்டிய இடத்துக்கு வெள்ளை இங்க் தனியாகத் தேவை.

எதுவானாலும் முதலில் ஒரு சாண் சாம்பிள் வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.