தொழிலாளிக்குப் பாடம் சொல்லும் தோல் நிலையம்

சென்னை அடையாறில் சர்தார் படேல் சாலை எப்போதும் பரபரப்பாக இருக்கும். சாலையின் ஒரு பக்கத்தில் ஐ.ஐ.டி. இருக்கிறது. மறுபக்கத்தில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

அங்கே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். சோதனைச் சாலைகள் இருக்கின்றன. பெரிய நூல் நிலையம் இருக்கிறது. அதோடு, தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றும் உள்ளேயே இருக்கிறது!

ஆராய்ச்சி நிலையத்துக்குள் தொழிற்சாலை எதற்கு?

ஆராய்ச்சியில் கண்டுபிடித்ததை நிஜமாகவே செய்து பார்க்க வேண்டும். தொழில் கற்க வருகிறவர்களுக்குக் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். அதற்காகத்தான். தோல் தொழிலைத் தோலைத் தொட்டுத்தான் கற்க முடியும். கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதாது.

வேலை செய்கிறவருக்கு எப்படிப் பாடம் சொன்னால் மனதில் பதியும்? எப்படிச் சொன்னால் அலுப்புத் தட்டாது? எல்லாத் தொழிலுக்கும் உரிய கேள்வி இது. இதற்குத் தோல் தொழில் நல்ல விடை தருகிறது.

தோல் எப்படித் தயாராகிறது?

காலில் போடும் செருப்பு தோல். இடுப்பில் கட்டும் பெல்ட் தோல். தியாகராய நகர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பைகளிலும் பல, தோல். மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபாக்களில் முழங்கும் மிருதங்கத்திலும் தோல்தான் பேசுகிறது.

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உரித்த நிலையில் அப்படியே இருந்தால் சீக்கிரம் அழுகிவிடும். அதனால் முதலில் உப்புப் போட்டு வைக்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். அடுத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிறார்கள். முடி கழன்றுவிடுகிறது. ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கிறார்கள். சுண்ணாம்பைப் போக்குகிறார்கள். அதன் பிறகே பதனிடும் வேலை.

பதனிட நம் நாட்டில் பழங்காலமாகப் பயன்பட்டது ஆவாரம் பட்டை. கடுக்காயும் சேர்ப்பார்கள். பிறகு குரோமிய உப்பு என்ற ரசாயனம் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் தோல் கம்பெனி ஒன்று அங்கே இருந்ததால்தான்!

கைக்குத் தெரியும், காரணம் தெரியாது

இந்த வேலையை அந்தக் காலத்துத் தொழிலாளி யாரிடம் கற்றார்? தகப்பனாரிடம் கற்றார். மாமனிடம் கற்றார். மேஸ்திரியிடம் கற்றார். பையன் பக்கத்தில் நிற்பான். பெரியவர் செய்வதைப் பார்ப்பான். எடுத்துக் கொடுப்பான். திட்டு வாங்குவான். பல வருஷம் கழித்து வேலை கைக்கு வந்துவிடும்.

அனுபவசாலி ஒருவர் தோலைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். "இன்னும் ஒரு நாள் ஊறணும்" என்பார். அவர் சொன்னது சரியாக இருக்கும். அந்தக் கை அறிவு லேசானதல்ல.

ஆனால் ஏன் ஊற வேண்டும் என்று பையன் கேட்டால், பதில் வராது. "சொன்னதைச் செய்" என்பதுதான் பதில்.

இதில் என்ன கெடுதல்? தொழில் மாறாத வரையில் கெடுதல் இல்லை. புது ரசாயனம் வந்தால்? சட்டம் மாறினால்? வெளிநாட்டுக்காரர் வேறு மாதிரித் தோல் கேட்டால்? பழகிய கை திகைத்து நின்றுவிடும். காரணம் தெரிந்தவர்தான் வழியை மாற்ற முடியும்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஏப்ரல் 24-ம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி. நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது.

1958 முதல் 1971 வரை அந்த நிலையத்தின் டைரக்டராக இருந்தவர் டாக்டர் நாயுடம்மா. ஆந்திராவில் குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்தவர். 1922-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காசி இந்து சர்வகலாசாலையில் படித்தார். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

தோல் தொழில் என்றால் முகம் சுளித்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். அப்படிப்பட்ட தொழிலைத்தான் இந்த விவசாயி வீட்டுப் பிள்ளை தம் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார்.

சோதனைச் சாலையில் கண்டுபிடித்தது சோதனைச் சாலையிலேயே கிடந்தால் என்ன லாபம்? அது பதனிடும் தொட்டி வரைக்கும் போக வேண்டும். இதுதான் அவர் பிடித்த பிடி. தோல் தொழில் நடத்துகிறவர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே இடத்தில் கூட்டி உட்கார வைத்துப் பேசச் செய்தார். அந்த வழக்கம் இன்றும் அடையாறில் தொடர்கிறது.

1985 ஜூன் 23-ல் அயர்லாந்துக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடல் மேல் ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானம் குண்டு வெடித்து விழுந்தது. அதில் இருந்தவர்களில் டாக்டர் நாயுடம்மாவும் ஒருவர்.

இரண்டு சோதனைக் காலங்கள்

கற்றால்தான் பிழைப்பு என்ற நிலை தோல் தொழிலுக்கு இரண்டு முறை வந்தது.

முதல் முறை 1973-ல். அதற்கு முன்னால், நம் நாட்டுத் தோலில் பெரும் பகுதி அரைகுறையாகப் பதனிட்ட நிலையிலேயே கப்பலேறியது. மீதி வேலையை வெளிநாட்டுக்காரர் செய்தார். மீதி லாபமும் அவருக்கே போயிற்று. அதை மாற்ற மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுவதும் முடித்த தோலாக, செருப்பாக, பையாக அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். சாயம் ஏற்றுவது, பளபளப்பு ஏற்றுவது, தைப்பது என்று எத்தனையோ புது வேலைகளைக் கற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது முறை 1996-ல். தோல் கழிவு நீரால் பாலாறும் பக்கத்து வயல்களும் கெட்டுப் போயிருந்தன. வேலூர் மக்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. கழிவு நீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது!

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை - இங்கெல்லாம் ஆயிரக்கணக்கான அடுப்புகள் தோல் தொழிலை நம்பி எரிந்தன. வயலும் வாழ வேண்டும். தொழிலாளியும் வாழ வேண்டும். என்ன செய்வது? புது முறைகளைக் கற்பதுதான் வழி.

ஓர் உதாரணம் பாருங்கள். உப்புப் போட்ட தோலை அப்படியே தண்ணீரில் போட்டால், அத்தனை உப்பும் கழிவு நீரில் கலக்கும். முதலில் தோலை மரச் சட்டத்தில் போட்டு உதறினால், ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பகுதி கீழே கொட்டிவிடும். பெரிய மெஷின் வேண்டாம். ஆனால் தொழிலாளி அதை விடாமல் செய்ய வேண்டும். எப்போது செய்வார்? "இந்த உப்புத்தான் நம் ஊர்க் கிணற்றைக் கெடுக்கிறது" என்று அவருக்குப் புரிந்தால் செய்வார். "உதறு" என்று கட்டளை மட்டும் போட்டால், மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் விட்டுவிடுவார்.

ஒரே சொட்டில் ஒரு பாடம்

காரணத்தை எப்படிப் புரிய வைப்பது? ரசாயனப் பாடம் கடினமாயிற்றே!

கடினம் இல்லை. கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும். உலகமெங்கும் தோல் தொழிற்சாலைகளில் இரண்டு எளிய சோதனைகள் உண்டு.

தோலுக்குள் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் பினால்ப்தலீன் என்ற திரவத்தை ஒரு சொட்டு விடுகிறார்கள். சுண்ணாம்பு இருந்தால் அந்த இடம் ரோஜா நிறம் ஆகிவிடும்! சுண்ணாம்பு போயிருந்தால் நிறம் மாறாது. எழுத்துத் தெரியாதவருக்கும் இது புரியும். ஒருமுறை பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

குரோம் பதனிட்ட தோல் சரியாகப் பதமாகிவிட்டதா? ஒரு சிறு துண்டை வெட்டிக் காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு போடுகிறார்கள். பிறகு அந்தத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். மறுபடியும் காகிதத்தில் வைக்கிறார்கள். கோட்டுக்குள் சுருங்கிவிட்டதா? வேலை பாக்கி. அதே அளவில் இருக்கிறதா? வேலை முடிந்தது.

இதில் ஒரு விளையாட்டும் இருக்கிறது, படிப்பும் இருக்கிறது. பரீட்சை எழுதுவது தோல். மார்க் போடுவது தொழிலாளி! "நான் முதலில் சொல்கிறேன், சுருங்குமா சுருங்காதா" என்று பந்தயம் கட்டிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

யுத்தம் சொல்லிக் கொடுத்த நான்கு படி

வேலை கற்றுக் கொடுப்பதற்கே ஒரு முறை உண்டா? உண்டு. அது வந்த கதை சுவையானது.

1940-ல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் யுத்தக் கருவிகளுக்குக் கண்ணாடி லென்ஸ் தேய்க்க ஆட்கள் கிடைக்கவில்லை. ஒரு லென்ஸ் தொழிலாளி உருவாக 5 வருஷம் ஆகும் என்றார்கள். யுத்தம் காத்திருக்குமா? வேலையைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் முக்கிய இடம் எது என்று கண்டுபிடித்தார்கள். முறையாகக் கற்றுக் கொடுத்தார்கள். 5 வருஷப் படிப்பு சில மாதங்களில் முடிந்தது!

அந்த முறையை யுத்தம் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் கற்றார்கள். யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டன. அந்த முறையில் நான்கே படிகள்தான்.

1. தொழிலாளியின் பயத்தைப் போக்கு. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள்.

2. செய்து காட்டு. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். முக்கியமான இடத்தை அழுத்திச் சொல். காரணத்தையும் சொல்.

3. அவரையே செய்யச் சொல். செய்துகொண்டே விளக்கச் சொல். தப்பு வந்தால் அப்போதே திருத்து.

4. தனியே வேலை செய்ய விடு. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று காட்டு. அடிக்கடி போய்ப் பார். போகப் போகக் குறைத்துக்கொள்.

தொழிலாளி கற்கவில்லை என்றால், கற்றுக் கொடுத்தவர் சரியாகக் கற்றுக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இதுதான் அந்த முறையின் அடிப்படை. "இவனுக்கு மண்டையில் ஏறாது" என்று தொழிலாளியைத் திட்டும் பழக்கத்துக்கு இதில் இடமே கிடையாது.

மூக்கு ஏமாற்றும்!

சரியாகக் கற்றுக் கொடுக்காவிட்டால் தோல் மட்டும் கெடாது. உயிரும் போகும்.

முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்ற ரசாயனமும் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு கிளம்பும். தேங்கி நிற்கும் கழிவிலும் அது உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது. அதனால் குழியிலும் தொட்டியிலும் தங்கிவிடும்.

பயங்கரம் எங்கே இருக்கிறது தெரியுமா? வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றம் தெரியாமல் போய்விடும்! "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைத்து இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் ஓடிப்போய் இறங்குவார். அவரும் விழுவார். உதவி செய்யப் போனவரே பலியாகும் கொடுமை தொழிற்சாலைகளில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

சுவரில் "அபாயம்" என்று போர்டு மாட்டினால் போதுமா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் பலகை. வெளி மாநிலத்திலிருந்து வந்தவருக்குத் தமிழும் தெரியாது. ஐக்கிய நாடுகள் சபையின் தொழில் வளர்ச்சி அமைப்பு இதற்காகவே ஓர் அனிமேஷன் படம் தயாரித்தது. வாயு எங்கே உண்டாகிறது, எப்படித் தேங்குகிறது, என்ன செய்யக் கூடாது என்று படமாகவே காட்டுகிறது.

படம் பார்த்தால் மட்டும் போதாது. நான்கு படியையும் நடத்த வேண்டும். தொட்டி ஓரத்தில் நிறுத்தி, "ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார், இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்க வேண்டும். "குதிப்பேன்" என்று சொன்னால், பாடம் இன்னும் முடியவில்லை. "குதிக்க மாட்டேன், சத்தம் போட்டு ஆள் கூப்பிடுவேன், மூச்சுக் கருவி போட்டவர்தான் இறங்கலாம்" என்று அவரே சொல்லும் வரைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கைத்திறனுக்குச் சர்டிபிகேட்

பள்ளிக்கூடம் போகாதவர் கதி என்ன? 20 வருஷம் வேலை செய்தும் கையில் ஒரு காகிதம் இல்லையே என்று ஏங்கியவர்கள் உண்டு. 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டி, சோதனையில் தேறிச் சர்டிபிகேட் வாங்கலாம். இது நான்கு படியில் முதல் படிதான். தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்பது. கேட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

அடையாறு நிலையம் தோல் பதனிடுவோருக்கும் செருப்புத் தைப்போருக்கும் இன்றும் பயிற்சி நடத்துகிறது.

தோல் தொழிலுக்குச் சொன்னது தையல் கடைக்கும் பொருந்தும். ஓட்டல் சமையலறைக்கும் பொருந்தும். ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் பொருந்தும். பயத்தைப் போக்குங்கள். செய்து காட்டுங்கள். செய்ய விடுங்கள். கூட இருங்கள். கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால், கற்க முடியாத தொழிலாளி என்று யாரும் இருக்க மாட்டார்!