பேரிளம்பெண்ணுக்குப் பின்

பெண்ணின் வாழ்நாளைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்துக் காட்டுவன பாட்டியல் நூல்கள். உலா இலக்கியம் பயிலும் மாணவர் யாவரும் நெட்டுருவாக அறிந்த பகுப்பு இது. பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதைக்கு வயது 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நாற்பதுக்குப் பின் என்ன? பட்டியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. வீதியில் உலாவரும் தலைவனைக் கண்டு காதல் கொள்ளும் மகளிரைப் பாடுதற்கென வகுத்த இலக்கணமாதலின், அதற்கு மேல் எண்ணவேண்டிய தேவை புலவர்க்கு நேரவில்லை போலும். ஆயின் எழுபதைக் கடந்தும் வாழும் பெண்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், பெயரிடப்படாத அந்தப் பருவமே ஒருத்தியின் வாழ்நாளில் ஏறத்தாழச் சரிபாதியாகிவிடுகிறது.

அப்பருவத்தின் வாயில், மாதவிடாய் நிற்றல். மாதவிடாய் இயல்பாக நின்று 12 மாதங்கள் முழுமையாகக் கழிந்த பின்னரே அது முற்றிலும் நின்றதென மருத்துவர் கொள்வர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதளவில் நிகழ்கிறது; மேலைநாட்டுப் பெண்களுக்கு 51 வயதளவில். அதற்கு முந்திய சில ஆண்டுகளிலேயே உடலில் மாற்றங்கள் தோன்றத் தொடங்கிவிடும். திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயமாகிய அத்தலாக்கின் 4ஆம் வசனம், மாதவிடாய் அற்றுப்போன மகளிருக்கு இத்தாக் காலம் மூன்று மாதம் என வரையறை செய்கிறது. இறைமறை வெளிப்படையாகக் குறிப்பிட்ட இப்பருவத்தை நம் வீடுகளில் வாய்திறந்து பேசுவோர் சிலரே. உடற்கொதிப்பையும் தூக்கமின்மையையும் பற்றியேனும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொள்வர். முகத்தில் முடி முளைப்பதையும் தோல் வறண்டு அரிப்பெடுப்பதையும் எவரிடமும் சொல்வதில்லை.

என் சாச்சி ஒருவர் இரண்டு ஆண்டுகளாகத் திருமண வீடுகளுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். மூட்டுவலி என்றார்கள், நாங்களும் நம்பினோம். பேத்தி ஒருநாள் அவர்களின் மோவாயைத் தடவி, “நன்னிக்குத் தாடி” என்று சொல்லிவிட்டாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாச்சி சிரிக்கவில்லை. அதன் பின்னரே உண்மை வெளிவந்தது. அவர்கள் அலமாரியில் மறைத்து வைத்திருந்த களிம்புக் குழாயைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். முதலில் காரணத்தைக் காண்போம்.

பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜென் என்னும் இயக்குநீர் மட்டுமே சுரப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஆண்மைக்குரியதாகக் கருதப்படும் டெஸ்டோஸ்டிரோனும் சிறிதளவு சுரக்கவே செய்கிறது. சூற்பைகளும் சிறுநீரகங்களின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பிகளும் அதற்கு மூலம். மாதவிடாய் நிற்குங்கால் ஈஸ்ட்ரோஜென் செங்குத்தாகச் சரிகிறது. டெஸ்டோஸ்டிரோனோ அவ்வாறு திடீரெனச் சரிவதில்லை. இளமை தொட்டே மெல்ல மெல்லக் குறைந்து வருவது, அதே நடையில் குறைகிறது. ஆகவே ஆண் இயக்குநீர் கூடிவிடவில்லை. அதற்கு எதிர்த்தட்டில் இருந்த எடை நீங்கியதால் தராசு சாய்ந்தது. மேலும், குருதியில் டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிப் பிடித்துச் செயலற்றதாக வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் ஆக்குகிறது. ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அப்புரதமும் குறைய, கட்டவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் முடிக்கால்களைச் சென்று சேர்கிறது. உடற்பருமனும் இன்சுலின் செயற்பாட்டுக் குறையும் இப்புரதத்தை இன்னும் தாழ்த்தும். உடல் எடையைக் குறைப்பது முகமுடிக்கும் ஓரளவு மருந்தாவது இதனால்தான்.

முடிக்கால்களின் போக்கு விந்தையானது. மேலுதட்டிலும் மோவாயிலும் உள்ளவை இவ்வியக்குநீர் பட்டதும் மென்மையான பூனைமுடியைக் கைவிட்டுக் கருத்த, தடித்த முடியை வளர்க்கின்றன. தலையின் முன்பகுதியில் உள்ளவையோ அதே இயக்குநீரால் சுருங்கி மெலிகின்றன. வேண்டிய இடத்தில் உதிர்ந்து வேண்டாத இடத்தில் முளைக்கிறதே என்று பெண்கள் நொந்துகொள்வதில் உடலியல் உண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தோல் வறட்சியும் அதே சரிவின் விளைவே. ஈஸ்ட்ரோஜென்னின் ஊக்கம் இன்றித் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சோர்கின்றன. நீரைத் தேக்கிவைக்கும் பொருள்களும் மேற்புறத்தில் அணையாக நிற்கும் கொழுப்புகளும் குறைகின்றன. தோலுக்கு உறுதிதரும் கொலாஜென் என்னும் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே இழக்கப்படுகிறது. பின்னர் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. தோல் மெலிந்து, எளிதிற் கீறல் பட்டு, ஆற நாளாகிறது. வியர்த்துக் கொட்டும் நம் ஊரில் வறட்சி எங்ஙனம் வரும் எனக் கேட்பாருண்டு. வியர்வை நீர், தோலைக் காப்பது நெய்ப்பசை. ஒன்று மிகுந்திருக்க மற்றொன்று இல்லாதிருத்தல் இயல்பே. எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பாகவே குறைந்த கணைக்காலில் வறட்சி முதலில் தெரியும். மீன்செதில்போல் வெள்ளை படரும்.

இவ்விரண்டையும் வெவ்வேறு குறைகளாகக் கருதி வெவ்வேறு வழியில் விரட்ட முனைவதே நம்மவர் செய்யும் பெரும்பிழை. முடியை அகற்ற மெழுகும் நூலும் களிம்பும். வறட்சிக்கு வேறு ஏதோ பூச்சு. மெலிந்து வறண்ட தோலின்மீது மெழுகை ஒட்டி இழுத்தால் முடியோடு மேற்றோலும் உரிந்து வரும். இருபத்தைந்து வயதில் தாங்கிய தோல் ஐம்பதில் தாங்காது. ஆதலின் தோலைச் சீர்செய்தல் முதலாவது. முடியைத் தொடுதல் அதன் பின்னர். இரண்டு, மூன்று வாரப் பொறுமை போதும்.

தோலைச் சீர்செய்யப் பெருஞ்செலவு வேண்டா. வழக்கமான குளியல் சோப்பு காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை. நம் தோலோ 5 அளவிலான மென் அமிலத்தன்மை உடையது. நாள்தோறும் முகத்துக்கும் கால்களுக்கும் சோப்பிடுவது, உள்ள சிறிது நெய்ப்பசையையும் வழித்தெறிவதாகும். அக்குளும் மறைவிடங்களும் தவிர்த்த பகுதிகளுக்கு வெறும் நீரோ பயற்றமாவோ போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பே அளவு. குளித்து ஈரம் ஒற்றியெடுத்த மூன்று நிமிடங்களுக்குள், தோலில் ஈரப்பதம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய், வாசலின், கிளிசரின் கலந்த பூச்சு ஆகியவற்றுள் ஒன்றைத் தடவுதல் வேண்டும். உலர்ந்தபின் தடவினால் பயன் பாதிதான். பூச்சின் முதற்பணி உள்ளிருக்கும் நீரைப் பூட்டிவைப்பது. கணைக்காலின் செதில் நீங்க, யூரியா 5 முதல் 10 விழுக்காடு கலந்த களிம்பு ஏற்றது.

ஐவேளை ஒளுச் செய்யும் பெண்களுக்கு இங்கு ஓர் ஐயம் எழும். நாளில் ஐந்து முறை முகமும் கையும் காலும் நனைந்து காற்றில் உலர்வதால் வறட்சி மிகுகிறது. பூச்சுப் பூசினாலோ ஒளு நிறைவேறுமோ என்று அஞ்சுகின்றனர். எண்ணெய்ப் பசை இருப்பினும் நீர் அவ்வுறுப்பைத் தொட்டு ஓடினால் ஒளு நிறைவேறும் என்பதும், மெழுகுபோல் தடித்துத் தோலுக்கு நீர் சேராமல் தடுக்கும் படலமே நீக்கப்பட வேண்டியது என்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ ‘அல்மஜ்மூஉ’ நூலில் தெளிவுபடுத்தியுள்ள செய்தி. துவாலையால் ஒற்றிவிட்டு மீண்டும் சிறிது தடவிக்கொள்வதே நல்ல வழக்கம். லுஹர் ஒளுவுக்குப் பின் வெளியே செல்பவர் வெயிற்காப்புப் பூச்சும் இட்டுக்கொள்ளலாம், எஸ்.பி.எஃப். 30 அளவு தேவை.

இனி முடி. மழித்தால் முடி தடித்து வளரும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியது. 1928இல் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் அளந்து பார்த்து, மழித்தல் முடியின் பருமனையோ வளரும் வேகத்தையோ மாற்றுவதில்லை எனக் காட்டினார். வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் தடவுங்கால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மெலிந்த தோலுக்குக் கேடு மிகக் குறைந்த முறைகள் சிறு கத்தரிக்கோலால் நறுக்குவதும், பெண்களுக்கென விற்கும் சிறு மின்சவரக் கருவியால் மழிப்பதுமே என்பது என் துணிபு. பெண்ணுக்குச் சவரமா என்று முகம் சுளிப்போர், சவரத்தினும் தீங்கு மிக்கவற்றை இரகசியமாகச் செய்துகொள்வதைக் கண்டிருக்கிறேன்.

மோவாயில் நாலைந்து முடியே இருப்பின் இடுக்கியால் பறிக்கலாம். பலவாயின் பறித்தல் கூடாது. முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளமாகி, நம்மனைய மாநிறத் தோலில் கரும்புள்ளி விட்டுச்செல்லும். நூலால் பறிக்கும் அழகு நிலையங்களில் நூலின் ஒரு முனையைப் பல்லிற் கடித்துக்கொள்வது வழக்கம். நூல்பறிப்புக்குப் பின் மருக்கள் பரவிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நீரிழிவுடையோர் இதில் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். முடிநீக்கும் களிம்புகள் முடியின் புரதப் பிணைப்புகளைக் கரைப்பவை. தோலும் அவ்வினப் புரதத்தால் ஆனதே என்பதை மறவாமல், முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்தபின் முகத்தில் இடுக. மஞ்சளை அரைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்து உரிப்பது முன்னோர் வழக்கு. ஒருமுறை தடித்துவிட்ட முடியை மஞ்சள் மெலிவிக்காது. வறண்ட தோலை அத்தேய்ப்புப் புண்ணாக்கும்.

நிலையான தீர்வு நாடுவோர்க்கு இரு வழிகள் உண்டு. 1875இல் சார்லஸ் மிஷேல் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர், உள்மடங்கிக் கண்ணை உறுத்தும் இமைமுடியை ஊசிவழி மின்சாரம் செலுத்தி வேரோடு அழித்தார். அம்மின்பகுப்பு முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு முடியாகச் செய்யவேண்டியிருப்பதால் பொறுமை வேண்டும். மற்றொன்று லேசர். அது முடியின் கருநிறத்தைப் பற்றியே வேரைச் சுடுகிறது. ஆதலின் நரைத்த முடியில் அது பயனற்றது. ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் வெள்ளை முடிக்கும் லேசர் செய்வதாகப் பணம் பெறுவோரிடம் எச்சரிக்கை தேவை. கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளக் கருவி பிறவற்றினும் ஏமமானது. அதனையும் தோல் மருத்துவர் மேற்பார்வையில் செய்துகொள்வதே முறை. எஃப்லோர்னித்தின் என்னும் களிம்பு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முகமுடிக்கென ஒப்புதல் பெற்றது. ஆப்பிரிக்கத் தூக்கநோய்க்குப் பயன்பட்ட மருந்து அது. முடியை அது நீக்குவதில்லை, வளர்ச்சியை மந்தமாக்கும். நிறுத்தினால் இரண்டு மாதங்களில் பழைய நிலை திரும்பும்.

இவற்றுக்கெல்லாம் மார்க்கத்தில் இடமுண்டா என்னும் தயக்கமே பலரைத் தடுக்கிறது. முகமுடியைப் பறிக்கும் பெண்ணைக் கண்டிக்கும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதற்கு உரை கண்ட இமாம் நவவீ, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதனை நீக்குதல் விலக்கன்று, விரும்பத்தக்கதே என எழுதினார். ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீனும் அவ்வாறே பதிவுசெய்துள்ளார். இமாம் தபரீ இதற்கு மாறுபட்ட கருத்துடையவர் என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. எனினும் தமிழகக் கடற்கரை ஊர்களிற் பெருவழக்கான ஷாஃபிஈ மத்ஹபிலும், உள்நாட்டிற் பெருவழக்கான ஹனஃபீ மத்ஹபிலும் அனுமதிக்குச் சான்று இருக்க, நம் தாய்மார் குற்றவுணர்வோடு கண்ணாடிமுன் நிற்க வேண்டியதில்லை. புருவத்தை மெலிதாக்கி அழகூட்டுவது வேறு. அதனை இதனோடு குழப்பலாகாது.

மெல்ல மெல்ல முளைக்கும் முடி பருவத்தின் இயல்பு. சில மாதங்களுக்குள் விரைந்து அடர்ந்தாலோ, அதனோடு குரல் தடித்தாலோ, உச்சந்தலை வழுக்கையானாலோ நாள் கடத்தாமல் மருத்துவரைக் காணவேண்டும். சூற்பையிலோ அட்ரீனலிலோ ஏற்பட்ட கட்டியின் அறிகுறியாக அது இருக்கக்கூடும். பூச்சுக்கு அடங்காத வறட்சியும் அரிப்பும், கூடவே சோர்வும் மலச்சிக்கலும் இருப்பின் தைராய்டுக் குறைவா எனக் குருதி ஆய்ந்தறிய வேண்டும்; சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நன்று. இயக்குநீரை மாத்திரையாக ஈடுசெய்யும் சிகிச்சை தோலுக்கும் முடிக்குமென மட்டும் தரப்படுவதன்று. 2002இல் அமெரிக்காவில் நடந்த பேராய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் இடர் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. கடுமையான உடற்கொதிப்புள்ள, 60 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு நன்மை தீமைகளை எடைபோட்டு மருத்துவர் அதனைத் தருவதுண்டு.

சாச்சியின் களிம்புக்கு வருவோம். முகம் வெளுக்கவும் வறட்சி போகவும் என்று சொல்லி ஒரு கடையில், மருத்துவர் சீட்டு ஏதுமின்றி விற்றது அது. அதில் இருந்தது வீரியமிக்க ஸ்டீராய்டு. முதல் வாரங்களில் அரிப்பு அடங்கி முகம் பளிச்சென்று இருந்ததால் விடாமல் பூசியிருக்கிறார்கள். ஸ்டீராய்டுக் களிம்பு நீண்ட நாள் பட்டால் தோலை மேலும் மெலிவிக்கும். முகத்தில் முடியையும் வளர்க்கும். எந்த இரண்டுக்கு அஞ்சி அதை வாங்கினார்களோ அவ்விரண்டையுமே அது பெருக்கியது. வளர்ந்த முடியைக் கண்டு இன்னும் கூடுதலாகப் பூசினார்கள். தோல் மருத்துவரான அம்மையார் ஒருவரிடம் அழைத்துச் சென்றபோது, பூசிய குழாய்கள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னார், ஆறு இருந்தன. திடீரென நிறுத்தினால் முகம் எரியும் எனக் கூறிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அப்படியும் சில வாரங்கள் எரிச்சலும் சிவப்பும் இருந்தன. வாசலினும் வெயிற்காப்பும் மட்டுமே அனுமதி. எட்டு மாதங்களில் கன்னத்து முடி பெரும்பாலும் உதிர்ந்தது. மோவாயில் எஞ்சிய சில முடிகளை வெள்ளிக்கிழமை தோறும் குளிக்குமுன் சிறு கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்கிறார்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது பேத்தி.