சம்மணமிட்டவர் எழுந்து ஓட எத்தனை நொடி?

உட்புறக் கட்டடக்கலை மாணவரிடம் இருக்கை வரையச் சொன்னால் நாற்காலிதான் வரைவார். எர்ன்ஸ்ட் நொய்ஃபெர்ட் 1936-ல் ஜெர்மனியில் வெளியிட்ட அளவுக் கையேடு இன்றும் வகுப்பில் புழங்குகிறது. அதிலுள்ள மனித உருவங்கள் பெரும்பாலும் நிற்கின்றன, நடக்கின்றன, நாற்காலியில் உட்காருகின்றன. ஆனால் விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று சொல்லப்படும் ஆலைகளில் கைவேலை பெரும்பாலும் தரையில்தான். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் முதுகை நிமிர்த்தவும் மனம் வராது.

உடலுக்கு ஏற்ப வேலையிடத்தை அமைப்பதுதான் பணிச்சூழலியல். நம்மவர் உடலளவுகளுக்குப் பஞ்சமில்லை. தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்ததை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே வெளியிட்டது. தரையில் அமரும் நிலைகளும் அதில் உண்டு.

மேசை நாற்காலி போட்டால் தீர்ந்ததா? வெடிமருந்து புழங்கும் அறையில் உராய்வே எமன். இரும்புக் கால் தரையில் இழுபடக் கூடாது. உள்ளே சேரும் ஒவ்வொரு சாமானும் வாசலுக்குப் போகும் வழியை மறிக்கும். ஆணியில்லாத தாழ்ந்த மரமணை ஒன்று போதுமா என்று யோசிக்கலாம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு வளைவது குறையும், எழுவதும் எளிது.

எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற கருத்தை வளர்த்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரான் மேஸ், போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47-வது பிரிவு, கட்டடக் கலைஞர்களின் படிப்பிலும் மாற்றுத்திறன் குறித்த பாடம் இடம்பெற வேண்டும் என்கிறது. நம் வகுப்புகளில் அது சாய்தளத்தோடும் கழிப்பறைக் கைப்பிடியோடும் முடிந்துவிடுகிறது என்பது என் குறை.

பட்டாசு அறையில் 4 பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்ற விதிகளையும் எல்லோருக்குமான வடிவமைப்பின் கண்ணால் படிக்கலாம். 2021 பிப்ரவரி 12-ல் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்து 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. சக்கர நாற்காலியை மறிக்கும் வாசற்படிதான் ஓடுகிறவரையும் இடறிவிடுகிறது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தரலாம். இரண்டு மணி நேரம் சம்மணமிட்டுக் காகிதக் குழல் சுருட்டட்டும். பிறகு மணி அடித்ததும் எழுந்து வாசலைத் தாண்டட்டும். கால் மரத்துப்போன அந்த நொடிகளை வரைபடத்தின் ஓரத்தில் குறிக்கட்டும். முட்டி தேய்ந்த ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அதோடு எவ்வளவு கூட்டுவது என்பது அடுத்த வகுப்பு.