பூஸ்ரருக்கு அவசரப்படாதீர்கள்

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் என் தொலைபேசி ஓயாது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எங்கள் சனம் நெருங்கி வாழும் இடங்களிலிருந்து வரும் அழைப்புகள் அவை. பிள்ளைகளைக் காரில் பத்திரமாகக் கட்டி ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களில் நானும் ஒருத்தி. வார இறுதிகளில் கோயில் வாகனத் தரிப்பிடத்திலும் சமூக நிலைய வாசலிலும் நின்று சீற்களைச் சரிபார்த்துக் கொடுப்பேன். "அக்கா, மகனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சுது, இனிப் பூஸ்ரர் போடலாமோ?" என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. நான் வயதை விட்டுவிட்டு, பிள்ளையின் நிறை என்ன, உயரம் என்ன, இப்போதுள்ள சீற் எந்த வகை, காரில் ஏறியதும் நித்திரையாகிவிடுவானா என்று விசாரிப்பேன். பேசி முடிக்கும்போது பூஸ்ரர் வாங்கும் யோசனை பெரும்பாலும் ஒரு வருடமாவது தள்ளிப் போயிருக்கும்.

ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று விளங்க, இரண்டு சீற்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் பார்க்கும் வார் வைத்த சீற்றில் பிள்ளையை ஐந்து இடங்களில் வார் பிடிக்கிறது. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. அந்தச் சீற், காரின் பெல்ற்றாலோ கீழ்க் கொழுக்கிகளாலோ காரோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். அதன் முதுகிலிருந்து போகும் மேல்வார் பின்புறக் கொழுக்கி ஒன்றில் மாட்டப்படும். மோதும்போது பிள்ளையின் தலை முன்னே பாயும் தூரத்தைக் குறைப்பது அந்த மேல்வார்தான்; கனடாவில் அதை மாட்டியே ஆக வேண்டும். இப்படி இருக்கிற பிள்ளை தூங்கி வழிந்தாலும், தம்பியோடு சண்டை பிடித்தாலும், வார்கள் அவனை விடாது.

பூஸ்ரரில் இவை எதுவும் இல்லை. பிள்ளையை உயர்த்தி வைத்து, காரின் பெல்ற் அவன் உடம்பில் சரியான இடத்தில் படியும்படி செய்வது மட்டுமே அதன் வேலை. பிள்ளையைப் பிடிப்பது காரின் பெல்ற். 1959இல் வொல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர் அமைத்துக் கொடுத்த மூன்று முனைப் பெல்ற்தான் இன்றும் நாம் போடுவது. அது வளர்ந்த மனிதரின் உடம்புக்கு அளந்து செய்தது. சின்ன உடம்புக்கு அது பொருந்தவில்லை என்றுதான் அதே நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் மெத்தையைக் கொண்டுவந்தது. பெல்ற் பிள்ளையைக் காக்க வேண்டுமானால், பயணம் முழுக்க அது போட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். அதற்குப் பிள்ளையும் ஒத்துழைக்க வேண்டும்.

வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இடுப்புப் பெல்ற் படிய வேண்டிய இடம் தொடையின் மேற்பகுதி. வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பின் முன்முனைகள் கொக்கிபோல அதைப் பிடித்து நிறுத்திவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த முனைகள் இன்னும் திரண்டிருப்பதில்லை. போதாததற்குக் காரின் இருக்கை அவர்களுடைய தொடையைவிட நீளம். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மடியாது. கால் நோக, மெல்ல மெல்ல முன்னே சறுக்குவார்கள். பெல்ற் வயிற்றுக்கு ஏறிவிடும். அந்த நிலையில் மோதினால் பெல்ற் குடலை அமுக்கும், முதுகெலும்பு அதன்மேல் மடியும். குடலும் முதுகெலும்பும் ஒன்றாகப் பாதிக்கப்படும் இந்தக் காயத்துக்கு மருத்துவத்தில் 'சீற் பெல்ற் சின்ட்ரோம்' என்று பெயர். 1962இலேயே மருத்துவ இதழில் எழுதப்பட்டுவிட்ட விஷயம் இது.

இதற்காகப் பூஸ்ரர் வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. வெறும் பெல்ற்றோடு ஒப்பிட்டால் அது பெரிய காவல். ஃபிலடெல்பியா சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் உண்மையான விபத்துகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், 4 முதல் 7 வயதுவரையான பிள்ளைகள் வெறும் பெல்ற்றோடு இருப்பதைவிடப் பூஸ்ரரில் இருக்கும்போது காயப்படும் வாய்ப்பு 59 சதவீதம் குறைகிறது என்றார்கள். 2009இல் 4 முதல் 8 வயதுவரை சேர்த்துப் பார்த்தபோது 45 சதவீதம் என்று வந்தது. வார் சீற்றுக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்த பிள்ளைக்குப் பூஸ்ரர் கட்டாயம் வேண்டும். அடங்குகிற பிள்ளையை அதிலிருந்து இறக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஒன்ராறியோவில் பூஸ்ரர் சட்டம் 2005 செப்டெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த, 18 கிலோவுக்கும் 36 கிலோவுக்கும் இடைப்பட்ட, 145 சென்ரிமீற்றர் உயரம் எட்டாத பிள்ளைக்குப் பூஸ்ரர் வேண்டும். மீறினால் 240 டொலர் தண்டம், சாரதிக்கு இரண்டு குற்றப் புள்ளி. பெற்றோர் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தால் கூட்டிவரும் அப்பப்பாவும் அம்மம்மாவும், பிள்ளை பார்க்கும் அன்ரியும் இதற்குள் அடக்கம். எங்கள் வீடுகளில் பின்னேரத்தில் கார் ஓட்டுவது அவர்கள்தானே.

இந்த 18 கிலோவைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அதாவது 40 இறாத்தல். அதைத் தொட்ட அன்றே மாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்குக் கீழே பூஸ்ரர் கூடாது என்பதே அதன் பொருள். இன்று கடைகளில் இருக்கும் வார் சீற்களில் பல 30 கிலோவரை, 65 இறாத்தல்வரை, தாங்கும். சீற் தாங்கும்வரை பிள்ளையை அதில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல சீற்களில் கீழ்க் கொழுக்கிகளுக்கென்று தனி நிறை எல்லை ஒன்று எழுதியிருக்கும், வாரின் எல்லையைவிடக் குறைவாக. கையேட்டில் அதைப் பார்த்த தகப்பன்மார் சீற்றின் காலமே முடிந்துவிட்டது என்று கழற்றி வைத்துவிடுவார்கள். முடிந்தது கொழுக்கியின் எல்லை மட்டும். கொழுக்கியைக் கழற்றிவிட்டு, அதே சீற்றைக் காரின் பெல்ற்றால் கட்டி, மேல்வாரையும் கையேடு சொல்கிறபடி மாட்டினால் பிள்ளை இன்னும் நெடுநாள் அதில் இருக்கலாம். தரிப்பிடத்தில் பத்து நிமிட வேலை. செய்து கொடுத்ததும் பூஸ்ரர் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

அப்படியானால் வார் சீற் எப்போது போதாமல் போகிறது? பிள்ளையின் நிறையோ உயரமோ சீற்றில் எழுதிய எல்லையைத் தாண்டினால். வார் வெளிவரும் மிக மேல் துவாரத்தையும் தோள் தாண்டிவிட்டால். காதின் மேல்நுனி சீற்றின் ஓட்டுக்கு மேலே தெரிந்தால். இதில் ஏதாவது ஒன்று போதும். அத்தோடு பூஸ்ரருக்கு மாறக் குறைந்தது 18 கிலோ வேண்டும், பிறகு பிள்ளை ஒழுங்காக உட்காரும் இருப்பும் வேண்டும்.

இந்த இருப்பைத்தான் நான் நேரில் பார்க்க விரும்புவேன். ஒருமுறை ஒரு ஐயா பேரனைக் கூட்டி வந்தார். "பிள்ளை, இவன் இப்ப பெரிய பொடியன். வகுப்பில எல்லாருக்கும் பூஸ்ரராம். கட்டிப்போட்ட மாதிரி இருக்கெண்டு ஒரே அழுகை" என்றார். பொடியன் 19 கிலோ. சட்டம் ஓம் என்கிறது. என்னிடமிருந்த முதுகு வைத்த பூஸ்ரரில் அவனை இருத்தி, பெல்ற் போட்டு, கதவைச் சாத்தாமல் ஐயாவோடு கதைத்துக்கொண்டு நின்றேன். முதலில் நிமிர்ந்து, பெருமையாக இருந்தான். கொஞ்ச நேரத்தில் தோள் பெல்ற் கழுத்தை உரசுகிறது என்று அதைத் தூக்கிக் கமக்கட்டுக்குக் கீழே விட்டான். கையிலிருந்த விளையாட்டுக் கார் கீழே விழ, அதை எடுக்க இடுப்புவரை குனிந்தான். மேல் உடம்பில் பெல்ற் எங்குமே இல்லை. "ஐயா, இந்த நேரம் பார்த்து முன்னுக்குப் போற கார் சடுதியா நிண்டா?" என்று கேட்டேன். "அப்ப அடுத்த வருசம் பாப்பம்" என்றார் அவர். பேரனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பயணம் முழுக்க, நித்திரையிலும்கூட, நிமிர்ந்து இருக்க அவனால் முடியாது. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் முடியாது. ஆறு வயதுக்கு முன் இந்தக் கட்டுப்பாடு வந்த பிள்ளைகளை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

குளிர்காலம் வந்தால் வேறு விதமான நெருக்கடி. தடித்த ஜக்கற்றோடு பிள்ளையை வாருக்குள் திணிக்க முடியாமல், "சீற் சின்னனாப் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். ஜக்கற்றோடு இருத்தி வாரை இறுக்குங்கள். பிறகு வாரின் நீளத்தைத் தொடாமல், பக்கிளை மட்டும் கழற்றி, ஜக்கற்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். தோளுக்கும் வாருக்கும் இடையே கை போகும் அளவுக்கு இடைவெளி நிற்கும். மோதும்போது ஜக்கற்றின் பஞ்சு நசுங்கி, அந்த இடைவெளிதான் மிஞ்சும். மெல்லிய உடுப்போடு வாரைப் பூட்டி, தோளெலும்பின் மேல் வாரை நுள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். நெஞ்சுக் கிளிப் கமக்கட்டு மட்டத்தில் இருக்கட்டும். ஜக்கற்றை வாருக்கு மேலால், முன்பின்னாகக் கையில் மாட்டிவிடலாம். பூஸ்ரரிலும் இதே விதிதான். இடுப்புப் பெல்ற் ஜக்கற்றுக்கு அடியால் போக வேண்டும்.

இவ்வளவும் பார்த்து, பிள்ளை தயார் என்றால், முதுகு வைத்த பூஸ்ரரை வாங்குங்கள். தோள் பெல்ற்றை வழிநடத்த அதில் ஒரு வளையம் இருக்கும். தூங்கும் தலைக்கு இரு பக்கமும் அணை இருக்கும். முதுகில்லாத பூஸ்ரர் போடுவதென்றால் காரின் தலையணை பிள்ளையின் காதுக்கு மேலே வர வேண்டும். இடுப்புப் பெல்ற் மட்டுமுள்ள இடத்தில் எந்தப் பூஸ்ரரும் உதவாது. பிள்ளை இல்லாத நேரத்திலும் பூஸ்ரரைப் பெல்ற் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மோதலில் அது பறந்துவந்து ஓட்டுபவரைத் தாக்கும்.

வட்டத்துக்குள் மேப்பிள் இலை போட்ட தேசிய பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் இருக்கும் மாமா அன்பளிப்பாகக் கொண்டுவரும் சீற்றில் அந்தக் குறி இருக்காது. கனடாவில் அதைப் பாவிக்க முடியாது. விபத்தில் பட்ட சீற்றும், காலாவதித் திகதி தாண்டிய சீற்றும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் தோள் பெல்ற் கிடையாது என்பதால் அங்கே பூஸ்ரர் பாவிக்க முடியாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகப் பிடிக்கும் வானின் பின் இருக்கையில் தோள் பெல்ற் இல்லாவிட்டால் அங்கேயும் அது பயன்படாது. பிள்ளை இன்னும் வார் சீற்றில் இருக்கும் வயதென்றால், விமானத்துக்கு ஏற்றது என்று எழுதிய சீற்றைக் கையோடு கொண்டு போங்கள். சுமைதான், ஆனால் கொண்டு போங்கள்.

இன்று இரவு பிள்ளை நித்திரையானதும் காருக்குப் போய், சீற்றின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். அதில் உள்ள நிறை, உயர எல்லைகளைக் குறித்துக்கொண்டு, காலையில் பிள்ளையை நிறுத்து, சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். எல்லைக்குள் இருந்தால், அடுத்த பிறந்தநாள்வரை பூஸ்ரர் கடைக்குப் போகாதீர்கள்.