பாரீஸ் போகும் பாட்டிகளே, உஷார்! ஸ்வெட்டர் ஊசி பறிபோகும்!

புதுச்சேரி, கருவடிக்குப்பம்:—

கருவடிக்குப்பம் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கு? பாரீசில் இருக்கும் பேரனுக்கு! விமானத்திலேயே பின்னிக்கொண்டு போகலாம் என்று ஊசியைக் கைப்பையில் வைத்தால் வம்புதான். சோதனையில் ஊசியை உருவினால் பாதிப் பின்னல் அவுந்துடும்!

அமெரிக்க விமான நிலையங்களில் ஊசிக்கு அனுமதி உண்டு. அங்கேயும் கடைசி முடிவு அதிகாரி கையில்!

ஊசியைச் சாதாரணமா நினைக்காதீங்க. 1944-ல் பிரான்சில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் உளவாளி பிலிஸ் லதூர், ரகசியக் குறியீடு எழுதிய பட்டுத்துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, கூந்தல் நாடாவுக்குள் ஒளித்தார். ஜெர்மானியர் சோதித்தும் சிக்கவில்லை!

ஈபெல் கோபுரத்திலும் பையைச் சோதிக்கிறார்கள். நீள ஊசியைப் பெரிய பெட்டியில் போட்டுடுங்க. மூங்கில் ஊசியானாலும் விமானக் கம்பெனியைக் கேட்டுட்டு வைங்க. பின்னல் கண்ணிகளில் வேறொரு நூலைக் கோத்துவிட்டால், ஊசி போனாலும் பேரன் ஸ்வெட்டர் தப்பும்!