டென்ஷனர் புல்லி சத்தம் போட்டால்

மாருதி 800 காரைத் தெரியாதவர் உண்டா? 1983 முதல் 2014 வரை இந்தக் கார் தயாரானது. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இதன் இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. அது பல் வைத்த ரப்பர் பெல்ட். பிஸ்டன் ஏறி இறங்கும். வால்வு திறந்து மூடும். இரண்டும் நேரம் தவறாமல் நடக்க வேண்டும். அதற்குத்தான் இந்த பெல்ட். பெல்ட் தொய்யாமல் ஒரு சிறு சக்கரம் அழுத்திப் பிடிக்கிறது. அதுதான் டென்ஷனர் புல்லி. அதனுள் பேரிங் இருக்கிறது. பேரிங்கில் கிரீஸ் வற்றினால் சத்தம் வரும்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'கிர்ர்' என்று கேட்கும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். சிலர் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள்! அது சரியல்ல. பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். நடுச்சாலையில் வண்டி நிற்கும். பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து, வால்வு வளைந்துவிடும். பிறகு செலவு பெரிது.

சத்தம் எங்கிருந்து வருகிறது? வெளியே இன்னொரு பெல்ட் உண்டு. அதை ஃபேன் பெல்ட் என்பார்கள். தண்ணீர் பம்பை அதுதான் சுற்றுகிறது. இன்ஜினை நிறுத்தி அதைக் கழற்றுங்கள். பிறகு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜின் சூடாகிவிடும். சத்தம் நின்றால் கோளாறு வெளியே. நிற்காவிட்டால் டைமிங் மூடிக்குள் பார்க்க வேண்டும்.

இதை மெக்கானிக் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு பாட்டரி ஒயரைக் கழற்றுவார். மூடியைத் திறப்பார். மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் குறிகள் உண்டு. அவற்றை நேராக்கிய பிறகே பெல்ட்டை எடுக்க வேண்டும். குறி ஒரு பல் தவறினாலும் இன்ஜின் சரியாக இழுக்காது.

இப்போது புல்லியைக் கையால் சுற்றுங்கள். நல்ல புல்லி சத்தமின்றிச் சுற்றி, சீக்கிரம் நிற்கும். கெட்டது கரகரக்கும். அல்லது ஆடும். மண்ணெண்ணெயில் கழுவி மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இது மூடிய பேரிங். கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்துவிடும். புதிதுதான் போட வேண்டும். பெல்ட்டையும் அப்போதே மாற்றுங்கள். இல்லையென்றால் இதே கூலியை மறுபடி கொடுக்க நேரிடும்.

மாட்டியபின் இன்ஜினை ஸ்பேனரால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கீழ்ச் சக்கரம் இரண்டு சுற்றினால் மேல் சக்கரம் ஒன்று சுற்றும். குறிகள் மீண்டும் நேராக வந்தால் போல்ட்டை இறுக்கலாம்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் நீங்களே ஒரு சீட்டில் எழுதுங்கள். பானெட்டின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.